டிசபிலிட்டி பென்ஷன் தாமதம்: கேள்வி பதில்

சிப்பாய்களின் பணிப் பதிவுகள் இருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக வேலை பார்த்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். ராணுவப் பணியால் வந்த ஊனம், நோய்க்கான டிசபிலிட்டி பென்ஷன் பற்றி மட்டும் கேளுங்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு (படையை விட்டு வரும்போது உடம்பைச் சோதிக்கும் மருத்துவக் குழு) கொடுத்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி (முன்னாள் ஹவில்தார், பீரங்கிப் படை): பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. போர்டு ஊனம் 20 சதவீதம் என்று போட்டும், 'பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை' என்று தள்ளிவிட்டார்கள். அப்பீல் போட்டு எட்டு மாதம் ஆகிறது, பதிலே இல்லை.

பதில்: அறிக்கையில் காரணம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். 'பீஸ் ஏரியாவில் (களப் பணி இல்லாத இடத்தில்) தொடங்கியது' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது காரணமே ஆகாது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், நல்ல உடம்போடு சேர்ந்ததாகத்தான் கொள்ள வேண்டும். பிறகு வந்தது பணியால் வந்ததல்ல என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, சிப்பாயின் பொறுப்பல்ல. போர்டும் காரணத்தை எழுதியாக வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். அவர்கள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். அப்பீல் போட்டு ஆறு மாதம் பதில் வராவிட்டால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். 2007-ஆம் வருடச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. சென்னையில் அமர்வு உண்டு. ஆனால் ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பீலைப் பதிவுத் தபாலில் அனுப்பினீர்களா? ஒப்புகை அட்டை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கேஸே அதில்தான் நிற்கிறது.

கேள்வி: 20 சதவீதத்தை 50 ஆக்குவார்கள் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 50-க்குக் கீழே இருப்பது 50 ஆகும், 50 முதல் 75 வரை 75, 76 முதல் மேலே 100. முதலில் நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். சேவைக் காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். 100 சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. 20 சதவீதத்துக்கு 2,400. அதுவே 50 ஆனால் 6,000. மாதாமாதம் வித்தியாசம் 3,600 ரூபாய்! ஒன்று, தாமதமாக வழக்குப் போட்டால் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று வருட அரியர்ஸ்தான் கிடைக்கும். 2008-இல் தர்சேம் சிங் தீர்ப்பு அப்படித்தான் சொன்னது.

கேள்வி: ஸ்பர்ஷில் (ராணுவ பென்ஷன் இணையதளம்) லைஃப் சர்டிபிகேட் ஏறவில்லை.

பதில்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: எனக்கும் ஸ்பர்ஷ் பிரச்சினைதான், லைஃப் சர்டிபிகேட்...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஒருவர் கேஸை முடித்துத் தருகிறேன், அரியர்ஸில் 30 சதவீதம் கொடு என்கிறார். ஒரிஜினல் பேப்பரும் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். மெடிக்கல் போர்டு அறிக்கையும் டிஸ்சார்ஜ் புக்கும் வீட்டை விட்டுப் போகக் கூடாது, நகல் மட்டும் போதும். அறிக்கையே இல்லை என்றால் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டு ரெக்கார்ட் ஆபீஸில் வாங்கலாம். இதற்கு எந்தப் புரோக்கரும் தேவையில்லை.

கேள்வி (கண்ணிவெடியில் கால் இழந்தவர்): சார், கோபமாகத்தான் கேட்கிறேன். பி.பி., சுகர் என்று சொல்லி ஆளாளுக்கு மனுப் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்தால்தானே எங்கள் ஃபைலும் நகர மாட்டேன் என்கிறது?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் திசை தவறு. பனிமலையில் இரவு முழுக்கக் காவல் நின்றவன், குழந்தை பிறந்ததைத் தந்தியில் தெரிந்துகொண்டவன், அவனுக்கு ரத்த அழுத்தம் சும்மா வரவில்லை. களப் பணி, உயர்மலைப் பணியின் மன அழுத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் இணைத்துப் பார்க்கச் சொல்வது ராணுவ மருத்துவர்களின் வழிகாட்டி நூலேதான். பொய் மனு போடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் போர்டு பிடிக்கட்டும். உங்கள் ஃபைல் நகராததற்குக் காரணம் வேறு. தீர்ந்துபோன சட்டக் கேள்விக்கே ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனியாக வழக்காட வேண்டியிருக்கிறது. ஜெயித்தாலும் அரசு மேல்முறையீடு செய்கிறது. அதிலும் ஜெயித்த பிறகு, தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி இன்னொரு மனு.

கேள்வி (முன்னாள் நர்சிங் அசிஸ்டென்ட்): அண்ணே, நானும் போர்டில் உட்கார்ந்தவன். ரிட்டயர்மென்டுக்கு ஆறு மாதம் முன்னால் திடீரென்று பி.பி. வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அதற்கு முந்தைய வருடங்களின் பரிசோதனைப் பதிவைப் பாருங்கள் என்பேன் தம்பி. பதிவில் இல்லாவிட்டால் மறுக்கட்டும், காரணத்தோடு மறுக்கட்டும். சந்தேகத்தை வைத்து எல்லோர் மனுவையும் ஒரே வார்த்தையில் தள்ளுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். காலை இழந்தவரின் மறுப்புக் கடிதமும் சுகர்காரரின் மறுப்புக் கடிதமும் வரிக்கு வரி ஒன்றாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நானாகக் கேட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்று வந்தவன். எனக்கு உண்டா?

பதில்: 2006 ஜனவரி 1 முதல் வந்தவர் என்றால் உண்டு. அறிக்கை கையில் இருக்கிறதா?

கேள்வி: ஸ்பர்ஷில் பாஸ்வேர்டு...

பதில்: இங்கே வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி (மறைந்த நாயக்கின் மனைவி): வழக்கு நடக்கும்போதே அவர் போய்விட்டார். இனி கேட்க முடியாதா ஐயா?

பதில்: முடியும் அம்மா. வழக்கு அவரோடு போகாது. வாரிசு என்று உங்களைச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். தீர்ப்பு வந்தால் அவர் இறந்த நாள் வரைக்குமான அரியர்ஸ் உங்களுக்கு வரும். அந்த நோயாலேயே இறந்தாரென்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்கவும் இடம் இருக்கலாம், வக்கீலிடம் அதைத் தனியாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாறியிருந்தால் முதல் வேலையாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதித் திருத்துங்கள், கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.