புற்றுநோய்ப் பரிசோதனை முடிவு வந்த பிறகு யாரிடம் போவது? – வாசகர் கேள்வி பதில்

கே: ஏழைகள் புற்றுநோயால் அதிகம் இறப்பதற்கு விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்?

ப: பழியை நோயாளி மேல் போடும் இந்தப் பேச்சை விடுங்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. அந்தக் குழந்தைகளுக்கா விழிப்புணர்வு இல்லை? நோய் தாமதமாகத் தெரிகிறது, மருந்து தொடர்ந்து கிடைப்பதில்லை, செலவு தாங்காமல் பெற்றோர் பாதியில் அழைத்துப் போய்விடுகிறார்கள்.

கே: உறவினருக்குப் புற்றுநோய். எந்த அரசுத் திட்டத்தில் சேர்க்கலாம்?

ப: எந்த நாடு, எந்த உறுப்பு, எந்தக் கட்டம் என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? பயாப்ஸி (கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையை வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசிக்கு அரசிடம் பணம் இல்லை என்கிறார்களே?

ப: 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது. செலவு பாதியாகிவிட்டது. இனி அது சாக்கு.

கே: எங்கள் மகளிர் குழு இலவச மார்பகப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. இதைவிடச் சிறந்த உதவி உண்டா?

ப: உண்டு. கட்டி இருக்கிறது என்று தெரிந்த பெண் மறுநாள் யாரிடம் போவார்? அதற்கு விடை இல்லாமல் முகாமுக்குத் தேதி குறிக்காதீர்கள். பல முகாம்களில் அவர் கைக்கு வருவது ‘மேல்சிகிச்சைக்கு’ என்று எழுதிய துண்டுச்சீட்டு. டாக்டர் பெயர் இல்லை, தேதி இல்லை, கூப்பிட ஒரு போன் நம்பர் இல்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போய், வரிசையில் நின்று, கூலியை இழந்து, மூன்றாம் முறை போகாமலே விட்டுவிடுவார். முகாமின் கணக்கிலோ அவர் ‘பயனாளி’! கொள்கை வகுப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று எண்ணுகிறார்கள். எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று எண்ணுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கு 2021இல் தொடங்கிய முயற்சியின் இலக்கிலேயே இது இருக்கிறது: மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முடிக்க வேண்டும்.

முடியாத காரியமும் இல்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1990இல் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர், பரிசோதனையோடு கூடவே நோயாளிக்கு வழிகாட்ட ஆட்களை அமர்த்தினார். அடுத்த தேதி வாங்கித் தருவது, காகிதங்களைச் சரிசெய்வது, வராதவரைத் தேடிப்போவது அவர்கள் வேலை. மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் முன்பு சுமார் 40 சதவீதம், பிறகு 70. அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2002 வாக்கில் பெருங்குடல் புற்றுநோய்க்கு இதையே அரசுச் செலவில் செய்தது. காப்பீடு இல்லாதவருக்குச் சிகிச்சையும் கொடுத்தது. 2009க்குள் பரிசோதனை செய்துகொள்வதில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இருந்த இடைவெளி மறைந்தது.

ஆகவே முதலில் ஆஸ்பத்திரியோடு பேசி நாள் வாங்குங்கள். பஸ் செலவுக்கும் தங்கவும் பணம் ஒதுக்குங்கள். முகாம் அதற்குப் பிறகு.

கே: அரசுக் காப்பீட்டில் புற்றுநோய் சேர்ந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

ப: பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஆபரேஷன் இருக்கும், அதற்கு முந்தைய பயாப்ஸியும் ஸ்கேனும் இருக்கின்றனவா? வலி மருந்து? 115 நாடுகளில் எடுத்த கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்டது. எல்லாக் குடிமக்களுக்குமான அடிப்படைச் சேவையில் புற்றுநோய்க்குத் தேவையானவற்றைச் சேர்த்த நாடுகள் 40 சதவீதம்கூட இல்லை. இங்கேயும் அதே கேள்விதான்: முடிவு வந்த பிறகு யார் பார்ப்பார்கள்?

கே: கிராமங்களில் கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டார்களா?

ப: புற்றுநோய் வலிக்கு அளவறிந்து கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். உகாண்டாவில் 2004 முதல் பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்ஃபின் எழுதிக் கொடுக்கிறார்கள். தூளை வாங்கி உள்நாட்டிலேயே திரவமாகக் கலக்கிறார்கள், நோயாளிக்கு இலவசம். உங்கள் அரசிடம் செவிலியர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கேளுங்கள்.