கூட்டத்துக்கு முன் வாசிக்கும் அந்த நாலு வரி

தம்பி, சிட்னிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆஃபீசில் கூட்டம் தொடங்கும்போதெல்லாம் இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை என்று ஏதோ வாசிக்கிறார்கள், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த நாலு வரியை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் ‘வெல்கம் டு கன்ட்ரி’, அதாவது எங்கள் மண்ணுக்கு வாருங்கள் என்று வரவேற்பது அந்த மண்ணுக்கு உரியவர்கள் மட்டும்தான். நம் ஆட்கள் நிறைய இருக்கும் பெண்டில் ஹில், டூங்காபி பக்கமெல்லாம் தாருக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பக்கத்தில் பெமுல்வோய் என்று ஒரு ஊர் இருக்கிறதே, அது ஒரு பூர்வகுடி வீரரின் பெயர். 1797-இல் டூங்காபியில் ஆங்கிலேயரின் அரசுப் பண்ணையைத் தாக்கியவர். 1802-இல் அவரைச் சுட்டுக் கொன்று, தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி ஆறு வருடம் வேலைக்குப் போனேன். யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஒரு போன். எங்கள் பொங்கல் விழாவுக்கு லீவு நாளாகப் பார்த்து, ஆஸ்திரேலியா தினமான ஜனவரி 26-இல் மண்டபம் பிடித்தோம், நோட்டீசும் அடித்தாயிற்று. அப்புறம்தான் ஒரு தாருக் மூதாட்டியை அழைத்து, ஐந்து நிமிடம் வந்து வரவேற்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அன்றைக்கு நாங்கள் துக்கத்தில் இருப்போம், மகளே. தேதி வைக்கும் முன்னால் கேட்டிருக்கலாமே” என்றார். 1788-இல் ஆங்கிலேயர் சிட்னியில் கொடி ஏற்றிய நாள் அது. அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

2017-இல் நாட்டின் நடுவே உள்ள உலுரு பாறைப் பக்கம் கூடிய பூர்வகுடிப் பிரதிநிதிகள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: எங்களைப் பற்றிச் சட்டம் போடும்போது எங்கள் குரலையும் கேளுங்கள், அதற்கு அரசியலமைப்பில் இடம் கொடுங்கள். அதற்காக நாடு முழுக்க நடந்த 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பூர்வகுடிகளுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை என்பது உண்மை. ஆனாலும் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் தம்பி, அந்த வரிகளை வாசிக்கும்போது போனைக் கீழே வையுங்கள். யாருடைய மண் என்று பெயர் சொல்வார்கள், அதைக் காதில் வாங்குங்கள். உங்கள் சங்கத்தில் விழா என்றால் முதல் போன் அந்த மண்ணுக்கு உரியவர்களுக்குப் போகட்டும்.

நாங்கள் அந்த வருடமே தேதியை மாற்றினோம். மூதாட்டி வந்தார். மேடைக்குப் போகாமல் அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பானை பொங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பொங்கியதும் எழுந்து, தன் மொழியில் எங்களை வரவேற்றார்.