ஜவ்வாது மலைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கும்போது ராத்திரியில் குதிரைகளை எப்படிக் கட்டுவது?

கேட்டவருக்கு இரண்டு குதிரைகள். அமிர்திக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்கப் போகிறார், இல்லாவிட்டால் பாலாற்றில். மாட்டுக்குச் செய்வதுபோல முளை அடித்து நீளக் கயிற்றில் விட்டால் போதுமா என்கிறார்.

வேண்டாம். நம் பக்கம் எல்லோருக்கும் மாடு கட்டிப் பழகிய கை. "நீளமா விடு, மேயட்டும்" என்றுதான் சொல்வார்கள். கயிற்றில் கால் மாட்டினால் மாடு பெரும்பாலும் நின்றுவிடும். குதிரை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் மிரளும். குளம்புக்கு மேலே பின்பக்கம் இருக்கும் பள்ளத்தை நைலான் கயிறு ஒருமுறை அறுத்துவிட்டால், அந்த இடம் நடக்க நடக்க மடங்கி விரிவதால் புண் லேசில் ஆறாது. அதனால் ஓடிவிடுமோ என்பதைவிடக் கால் மாட்டுமோ என்பதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். உயரத்தில் கட்டுங்கள், குட்டையாகக் கட்டுங்கள்.

புளி, வேம்பு மாதிரி உறுதியான இரண்டு மரங்களை 25, 30 அடி இடைவெளியில் பார்த்து, நடுவே 7 அடி உயரத்தில் ஒரு கயிற்றை முறுக்காக இழுத்துக் கட்டுங்கள். கயிற்றை மரத்திலேயே சுற்றினால் பட்டை உரியும். லாரியில் சரக்கு கட்டுகிற அகலமான பெல்ட்டை மரத்தைச் சுற்றிப் போட்டு, அதில் கயிற்றைக் கட்டலாம். இந்த மேல்கயிற்றில் குதிரைக்கு ஒன்றாக நகராத கண்ணி போடுங்கள். நகர்ந்தால் இரண்டும் நடுவில் வந்து பின்னிக்கொள்ளும். குதிரைகளுக்கு நடுவே 10 அடியாவது இருக்கட்டும். ஆனால் ஒன்றையொன்று பார்க்க முடிய வேண்டும். துணை கண்ணில் படாத குதிரை ராத்திரி முழுக்கக் கனைத்துக்கொண்டே இருக்கும், நீங்களும் தூங்க மாட்டீர்கள்.

கட்டுக்கயிறு தடித்த பருத்திக் கயிறாக இருந்தால் நல்லது. குதிரை தலையைத் தாழ்த்தினால் மூக்கு தரையைத் தொட வேண்டும், அதற்கு மேல் ஒரு சாண்கூட வேண்டாம். தலையைத் தூக்கி நிற்கும்போது தொய்வு முன்னங்கால் முட்டிக்குக் கீழே இறங்கினால் நீளம் அதிகம். மேலே போடுகிற முடிச்சு, தொங்கும் நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ வேண்டும். கழுத்தில் சுருக்கு கூடவே கூடாது. கடிவாளத்திலும் கட்டாதீர்கள், மிரண்டு இழுத்தால் இரும்பு வாயைக் கிழிக்கும். ஹால்டரில், அதாவது வாயில் இரும்பு இல்லாத தலைக்கட்டில், தாடைக்குக் கீழே உள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும். தலைமாட்டில் ஒரு கூரான கத்தியும் டார்ச்சும் இருக்கட்டும்.

முன்னங்கால் தளை போட்டால் எங்கேயும் போகாது என்று சிலர் சொல்வார்கள். பழகிய குதிரை இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிக் குதித்தே ஒரு மைல் போய்விடும். சாயங்காலம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மேய விடத் தளை சரி, அதுவும் வீட்டில் பழக்கியிருந்தால் மட்டும். பழைய ஜட்காக்காரர்கள் சொல்கிற அகாடி, பிச்சாடி, அதாவது தலைக்கு முன்கயிறு, பின்னங்காலுக்குப் பின்கயிறு, லாயத்தில் அதிலேயே வளர்ந்த குதிரைக்குத்தான். புதுக் குதிரைக்குப் போட்டால் ரகளைதான்.

பாலாறு பார்க்க அருமையான இடம், ஆனால் நான் அங்கே குதிரை கட்ட மாட்டேன். மணலில் முளை நிற்காது. தரையில் போட்ட தீவனத்தோடு மணலும் வயிற்றுக்குள் போய் வலி வரும். 2021 நவம்பரில் அந்த ஆற்றில் வெள்ளம் எப்படி ஓடியது என்று ஊருக்கே தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டு ஓரமும் வேண்டாம். ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் நிலங்களுக்கு இறங்குகிற பகுதி அது. ஜவ்வாது அடிவாரத்திலும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. யாராவது ஒருவருடைய தோப்பில் கேட்டுத் தங்குவதுதான் நிம்மதி. கேட்கும்போதே அன்றைக்குத் திருவிழா, பட்டாசு ஏதும் உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள். தை, மாசியில் மாடு விடும் விழா நடக்கும் ஊர்களாக இருந்தால் வேறு ஊர் பாருங்கள்.

குதிரையின் வாய் எட்டுகிற இடத்தில் அரளி, ஆமணக்கு, ஊமத்தை இருக்கக் கூடாது. பெங்களூர் ரோட்டின் நடுவே பூத்துக் கிடக்கிறதே, அதே அரளிதான். காய்ந்த இலையும் விஷம்தான்.

படுக்கப் போகுமுன் தண்ணீர் காட்டிவிட்டு வாளியை எடுத்துவிடுங்கள். வாளியின் கம்பிப் பிடி ஹால்டரில் மாட்டினால், துரத்துகிற ஏதோ ஒன்று என்று நினைத்து அது கயிற்றையே பிய்க்கும். வைக்கோலை வலையில் தொங்கவிட்டால் காலியான பிறகும் கால் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

காலையில் சேணம் போடுமுன் நாலு காலையும் கையால் தடவிப் பாருங்கள், அப்புறம் லத்தியைப் பாருங்கள். ராத்திரி முழுக்க லத்தி போடாமல், தீவனமும் தொடாமல், வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்கிற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கும் அடிக்கலாம். மலைப் பக்கம் பல இடங்களில் டவர் கிடைக்காது. எங்கே கிடைக்கிறது என்று முந்தின நாள் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.