மாமனார் தரும் பழைய லேண்ட் ரோவர்: 38,000 வெள்ளியில் எது முதலில்?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன், வயது 38. பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி கிளினிக்கில் வேலை செய்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்து 8,200 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வருகிறது. வீட்டுக் கடன், மைவி கார் தவணை, பிள்ளைகள் செலவு எல்லாம் போக மாதம் 1,500 வெள்ளி மிஞ்சும். வங்கியில் நிரந்தர வைப்பாக 24,000 வெள்ளி இருக்கிறது. கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த என் மாமனார், தன் பழைய லேண்ட் ரோவரை எனக்குக் கொடுக்கிறேன் என்கிறார். சீரிஸ் 3, நீளமான 109 மாடல், பெட்ரோல் வண்டி. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி, இரண்டு பக்கமும் பெஞ்ச். பட்டறையில் முழுதாகப் புதுப்பிக்க 38,000 வெள்ளி கேட்கிறார்கள்: நாக்கிங் (தகட்டு நெளிவு எடுப்பது), பெயிண்ட் 13,000, இன்ஜின் 8,500, ரிம், டயர் 6,000, சீட், உள் அலங்காரம் 4,500, பிரேக், ஸ்டீயரிங் 3,500, வயரிங் 2,500. வைப்பிலிருந்து 15,000 எடுத்து, 20,000 பெர்சனல் லோன் போட்டு, மீதி 3,000-ஐ ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று இருக்கிறேன். பள்ளி விடுமுறையில் 9 வயது மகனையும் 4 வயது மகளையும் ஆற்றுக்கும் காட்டுக்கும் கூட்டிப்போக ஆசை. இந்த வண்டிக்கு விலை ஏறும் என்கிறார்கள், முதலீடாகவும் இருக்கும். மனைவிக்கு பயம், பாதி மனசுதான். அடுத்த மாதம் நானும் மகனும் போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறோம். சரியா?

பதில்: வண்டியை வாங்கிக்கொள்ளுங்கள். கடன் வேண்டாம், ஈபிஎஃப்-ஐத் தொட வேண்டாம். அந்தப் பின் பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைக்கவும் வேண்டாம். இதில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பணக்கணக்கை எப்படிப் போட்டாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பட்டறை கொடுத்த பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு, அதாவது பெயிண்டுக்கும் சீட்டுக்கும் மட்டும் 17,500 வெள்ளி. வண்டியை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் 3,500. சீட் பெல்ட்டுக்கு ஒரு வெள்ளிகூட இல்லை. சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், என்ற பேச்சே இல்லை. பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. நீங்கள் "புதுசு மாதிரி ஆக்கணும்" என்று கேட்டிருப்பீர்கள், அவர் அதற்கு விலை சொல்லியிருக்கிறார். "என் பிள்ளைகள் ஏறப் போகிறார்கள், எதை முதலில் செய்யணும்?" என்று கேட்டிருந்தால் வேறு பட்டியல் வந்திருக்கும்.

அந்தப் பட்டியல் சேசிஸில் தொடங்கும். லேண்ட் ரோவரின் வெளித் தகடு பெரும்பாலும் அலுமினியம், அது இரும்பு போலத் துருப்பிடிக்காது. அதனால்தான் பழைய வண்டிகள் வெளியே பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கின்றன. கீழே இருக்கும் சேசிஸ் இரும்பு, உள்ளே வெற்றாக இருக்கும் சதுரக் குழாய். மலைத் தோட்டத்து மண்ணும் ஈரமும் அதற்குள் புகுந்து வருடக்கணக்கில் தங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். மேலே கறுப்பு அண்டர்கோட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, சிறிய சுத்தியலால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக 'தொப்' என்னும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும். ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் கொக்கிகள், பின்புறக் குறுக்குச் சட்டம், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவர், கால் வைக்கும் தட்டு ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். இவை அரித்திருந்தால் 38,000 என்ற எண்ணுக்கே அர்த்தம் இல்லை. வெட்டி ஒட்டும் வேலை எங்கே போய் முடியும் என்று பட்டறையாலும் சொல்ல முடியாது. ஆகவே டெபாசிட் கொடுப்பதற்கு முன் இந்தப் பரிசோதனை நடக்கட்டும். அதை அந்தப் பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு போர்மேனிடம் (மெக்கானிக்) பணம் கொடுத்துச் செய்யுங்கள். நல்ல போர்மேன் சில நூறு வெள்ளி கேட்டாலும் கொடுங்கள், இந்த விஷயத்தில் நீங்கள் செலவழிக்கும் மிக நல்ல காசு அதுதான்.

அப்புறம் பிரேக். சீரிஸ் 3-இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இல்லை, ஏர்பேக் இல்லை. பழைய வண்டிகள் சிலவற்றில் பிரேக் எண்ணெய் ஒரே சர்க்யூட்டில் ஓடும். ஒரு குழாய் எங்காவது வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். உங்கள் வண்டியில் ஒரு சர்க்யூட்டா இரண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுதான் என்றால் இரண்டாக மாற்ற என்ன ஆகும் என்று விலை கேளுங்கள். அந்தச் செலவை மட்டும் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். ஆற்றில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போய் பிரேக் பிடிக்காது. கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடியே பெடலை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்த வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுபவருக்குத்தான் இந்த வண்டி. இன்னொன்று: இந்த வகையில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். பழைய ரப்பர் குழாய், ஒட்டுப்போட்ட வயரிங், பெட்ரோல் வாடை மூன்றும் ஒரே இடத்தில் சேரக்கூடாது. வயரிங்குக்கான 2,500 நியாயமான செலவு. எரிபொருள் குழாயையும் அதோடு மாற்றுங்கள், ஒரு நல்ல தீயணைப்பானும் வாங்கி வையுங்கள்.

டயர் விஷயத்தில் ரிம் அழகுக்குக் காசு கொடுக்காதீர்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-வது வாரம் செய்தது. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயர் வேண்டவே வேண்டாம்.

இப்போது பிள்ளைகள். மலேசியாவில் 2009 ஜனவரி முதல் பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்கான சீட்டும் கட்டாயம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பக்கவாட்டு பெஞ்சில் குழந்தை சீட்டைப் பொருத்த முடியாது, அது முன்னோக்கிப் பார்க்கும் இருக்கைக்காகச் செய்தது. உங்கள் மகனுக்குத் தேவைப்படும் பூஸ்டர், தோளிலும் இடுப்பிலும் போகும் மூன்று முனை பெல்ட் இல்லாமல் வேலை செய்யாது. சில பட்டறைகளில் "அதுக்கென்ன, பெல்ட் அடிச்சுத் தரேன்" என்பார்கள். எதில் அடிப்பார்கள் என்று கேளுங்கள். தொட்டியின் அலுமினியத் தகட்டில் துளை போட்டு போல்ட் முடுக்கினால், வண்டி மோதும் நொடியில் பெல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பெல்ட் பிடிக்கும் இடம் சேசிஸோடு சேர்ந்த உறுதியான சட்டத்தில் இருக்க வேண்டும். சீட் அமைப்பை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலும் வேண்டும்.

ஆகவே என் யோசனை: லேண்ட் ரோவர் உங்கள் வண்டி, மைவி குடும்ப வண்டி. ஆற்றங்கரைக்கு எல்லாரும் போகிறீர்கள் என்றால் பிள்ளைகள் மைவியில் அம்மாவோடு வரட்டும், நீங்கள் கூடாரமும் சட்டியும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு முன்னால் போங்கள். மைவி போக முடியாத இடத்துக்கு இப்போதைக்குப் பிள்ளைகள் வரவேண்டாம். இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். நான்கு பேரும் ஒரே ஃபோர்வீலில் போக வேண்டும் என்பதே ஆசை என்றால், இந்த 38,000 வெள்ளியை வைத்து ஏர்பேக், ஏபிஎஸ், முன்னோக்கிய பின் சீட் உள்ள பழைய டபுள் கேப் பிக்கப் ஒன்றைத் தேடலாம். மாமனார் வண்டிமீது பாசம் என்பது வேறு, குடும்பத்துக்கு ஃபோர்வீல் தேவை என்பது வேறு. இரண்டையும் ஒரே வண்டியில் தீர்க்கப் பார்ப்பதால்தான் உங்கள் மனைவி பயப்படுகிறார். அவர் பயம் நியாயமானது.

பணத்துக்கு வருவோம். உங்கள் மாதச் செலவு 6,700. வைப்பில் இருக்கும் 24,000 மூன்றரை மாதத்துக்குத்தான் வரும். அதில் 15,000 எடுத்தால் மிஞ்சும் 9,000-ஐ வைத்து நாற்பது நாள் ஓட்டலாம். தொழிற்சாலையில் ஆள் குறைப்பு என்று ஒரு கடிதம் வந்தால் நாற்பது நாளில் வேலை தேட முடியுமா? பெர்சனல் லோன் 20,000, ஐந்து வருடம், 7 விழுக்காடு என்று வங்கி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அது முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். அப்படி என்றால், மொத்த வட்டி 7,000, மாதத் தவணை 450. அசல் குறையக் குறையப் போடும் வட்டியாகக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 12.5 விழுக்காடு. மிச்சமாகும் 1,500 அன்றைக்கே 1,050 ஆகிவிடும், அதுவும் வண்டி இன்னும் பட்டறையிலேயே நிற்கும்போது. பாதி வேலையில் சேசிஸ் ஓட்டை தெரிந்தால் அடுத்து கிரெடிட் கார்டுதான். அதற்கு வட்டி 15 முதல் 18 விழுக்காடு.

ஈபிஎஃப்-இன் ஃப்ளெக்சிபல் கணக்கு 2024 மே மாதம் வந்தது. 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம் என்பதால் கை நீளுவது சுலபம். 2023-க்கு 5.5, 2024-க்கு 6.3 விழுக்காடு ஈவுத்தொகை கொடுத்தார்கள். 5.5 என்றே வைத்தாலும் இன்றைய 3,000 உங்களுக்கு 58 வயதாகும்போது 8,700-ஐத் தாண்டும். ரிம்முக்காக அதை உடைக்காதீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். மிஞ்சும் 1,500-இல் 700 வைப்புக்கு, 800 வண்டிக்கென்று தனிக் கணக்குக்கு. பதினெட்டு மாதத்தில் வைப்பு வட்டி இல்லாமலே 36,600 ஆகும், ஐந்தரை மாதச் செலவுக்கு வரும். வண்டிக் கணக்கில் 14,400 சேரும். அந்தப் பணத்தில் முதலில் சேசிஸ், பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும், பிறகு வயரிங்கும் எரிபொருள் குழாயும், முன் சீட்டுக்கு நல்ல பெல்ட், கடைசியில் டயர். இன்ஜினைப் பிரிக்கும் முன், அதன் உள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் 8,500 செலவே இல்லாமல் போகலாம். பெயிண்ட்? காத்திருக்கட்டும். மங்கிய பச்சையில் ஓடும் லேண்ட் ரோவரை யாரும் குறைவாகப் பார்க்க மாட்டார்கள். தனிக் கணக்கில் பணம் தீர்ந்தால் வேலை நிற்கும், மறுபடி சேர்ந்ததும் தொடரும். இதைப் பட்டறையிடம் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி விலை, தனி ரசீது என்று பேசிக்கொள்ளுங்கள்.

முதலீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். புதுப்பிக்கப் போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்புவது அரிது. இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் சேகரிப்பவர்களும் ஒதுங்குவார்கள். நீங்களோ விற்கவே போவதில்லை, மாமனார் கொடுத்தது. இது பிரியத்துக்குச் செய்யும் செலவு. அப்படியே ஒப்புக்கொண்டு செய்தால் தப்பே இல்லை.

காப்புறுதியில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மோட்டார் பாலிசி எதிராளிக்கு ஏற்படும் காயத்தைப் பார்க்கும். ஓட்டுகிற உங்களுக்கும், உங்கள் வண்டியில் வரும் உங்கள் வீட்டு ஆட்களுக்கும் ஏற்படும் காயத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. அதற்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி வேண்டும். மைவிக்கும் இது பொருந்தும், ஆகவே இந்த வாரமே பாலிசியை எடுத்துப் படியுங்கள். பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைத்தால் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று கேளுங்கள். 'சந்தை மதிப்பு' என்றால் நீங்கள் போட்ட செலவு கணக்கில் வராது. வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும், 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாற்றம் எது செய்தாலும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசியாகப் பயணம். மகனை அழைத்துக்கொண்டு வண்டியை ஓட்டி வரும் திட்டத்தை விடுங்கள். பல நாள் தோட்டத்தில் கிடந்த டிரம் பிரேக்கை முதல் நாளே கேமரன் மலையிலிருந்து இறங்கும் சிம்பாங் பூலாய் பாதையில் சோதிக்கக் கூடாது. டோ லாரி பிடித்து ஏற்றி வாருங்கள். அதற்கும் முன் மாமனாரிடம் கிராண்டை (வண்டியின் பதிவுப் பத்திரம்) கேட்டு, அதில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தோட்டத்து வண்டிகளில் இன்ஜின் மாறியிருப்பது சாதாரணம், கிராண்டில் அது ஏறியிருக்காது. எண் பொருந்தவில்லை என்றால் முதலில் ஜேபிஜே அலுவலகத்துக்குப் போங்கள், பட்டறைக்குப் பிறகு போகலாம்.