பகடையில் 1 விழுந்தால் வாள் சொந்தக் காலிலா விழும்?

மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில், 20 முகப் பகடையில் 1 விழுந்தால் தாக்கியவனுக்கே கேடு என்பதுதான் ‘ஃபம்பிள்’ விதி. போரிலும் நடந்ததுண்டு: 1460இல் ரொக்ஸ்பரோ முற்றுகையில் ஸ்கொட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் தன் பீரங்கியே வெடித்து இறந்தார். 1944இல் அமெரிக்க நீர்மூழ்கி டாங், தான் ஏவிய டோர்பிடோவே வட்டமடித்துத் திரும்பித் தாக்க, மூழ்கியது.

இரண்டிலும் கோளாறு கருவியில். பகடையோ எல்லாருக்கும் 5% என்கிறது. கைதேர்ந்த வீரன் ஒரே சுற்றில் பலமுறை தாக்கி அதிகம் உருட்டுவதால் அதிகம் சொதப்புவான். சுத்த அநியாயம்!

தேங்காயால் தேங்காயை அடித்து உடைக்கும் எங்கட சித்திரை வருசப் போர்த்தேங்காயைப் பாருங்கள். அடிக்கிற காயே உடைவதுண்டு. சிரட்டை தடித்த காயைத் தேடி வைத்திருப்பவருக்கு அது குறைவு.

கதாபாத்திர விளையாட்டுகளில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூல விதியே இந்த ஃபம்பிள் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஐந்தாம் பதிப்பில் 1 விழுந்தால் அடி தவறும், அவ்வளவுதான். காலை வெட்டிக்கொள்வது ஆடுபவர்கள் தாங்களே சேர்த்தது.