மானிட்டரில் 65 சதவீதம், ஆனால் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது

கேள்வி: எங்கள் பாய்மரப் படகில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி உள்ளது. வோல்ட் மீட்டர் இருக்கும்போது தனியாக பேட்டரி மானிட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குங்கள். பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்தால்தான் வோல்ட் மீட்டரை நம்பலாம். அப்போது 12.7 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. படகில் அப்படி ஓய்வு கிடைப்பதே அரிது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், வெயில் வந்து சோலார் சார்ஜ் செய்தால் ஏறும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் நிலைமை இன்னும் மோசம்; பெரும்பகுதி நேரம் 13.2 சுற்றியே நிற்கும்.

பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டைக் கணக்கு வைத்து மிச்ச சார்ஜைச் சதவீதமாகக் காட்டுவதே மானிட்டர். அதில் ஷன்ட் (நெகட்டிவ் கேபிளின் நடுவே வைத்துக் கரண்டை அளக்கும் மிகச் சிறிய ரெசிஸ்டர்) வைத்ததாகப் பாருங்கள். வயரைச் சுற்றி மாட்டும் ஹால் சென்சார் வகையைப் பொருத்துவது எளிதுதான். ஆனால் அதன் பூஜ்ஜியம் மெல்ல நகரும், நங்கூர விளக்கு இழுக்கும் 0.2 ஆம்பியர் போன்ற சின்னக் கணக்குகள் தவறும். 2,000 வாட் இன்வெர்ட்டர் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் 500 ஆம்பியர் ஷன்ட் நல்லது. போனில் மட்டும் காட்டுவதைவிட, சுவரில் பதிக்கும் டிஸ்பிளே உள்ளதை எடுங்கள். இரவுக் காவலில் இருப்பவருக்கு அந்த எண் கண் முன்னால் இருக்க வேண்டும்.

கேள்வி: ஷன்ட் மானிட்டர் பொருத்திவிட்டோம். 200 வாட் சோலார். நண்பகலுக்குள் 100 சதவீதம் காட்டுகிறது. விடியற்காலையில் 65 இருக்கும்போதே வோல்டேஜ் குறைந்து ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. மானிட்டர் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த 100 பெரும்பாலும் பொய்.

வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டி, பேட்டரிக்குள் போகும் கரண்ட் குறைந்தால், ‘நிறைந்துவிட்டது’ என்று மானிட்டர் தன் கணக்கை 100-க்குத் திருப்பிவிடும். அந்தக் கரண்டுக்குப் பெயர் டெயில் கரண்ட். பல கருவிகளில் அது பேட்டரிக் கொள்ளளவில் 4 சதவீதம், உங்கள் பேட்டரிக்கு 8 ஆம்பியர். உங்கள் பேனலோ நல்ல வெயிலிலேயே 10 ஆம்பியர் அளவுதான் தரும். அதில் 5-ஐ ஃபிரிட்ஜ் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 5. பேட்டரி நிறையாமலே நிபந்தனை பூர்த்தியாகிறது! பாய்க்கம்பத்தின் நிழல் விழுந்தால் இன்னும் சீக்கிரம்.

அதனால் டெயில் கரண்டை 2 சதவீதமாக இறக்குங்கள். இந்த நிலை எவ்வளவு நேரம் நீடித்தால் ‘நிறைந்தது’ என்று எடுக்க வேண்டும் என்பதே கண்டறியும் நேரம்; 3 நிமிடம் என்று இருக்கும் அதை 15–20 ஆக்குங்கள். மேலே சொன்ன வோல்டேஜ் அளவுக்கு மானிட்டரில் ‘சார்ஜ்டு வோல்டேஜ்’ என்று பெயர்; சார்ஜர் 14.4 வரை ஏற்றினால் அது 14.2 போதும். ஒரு எச்சரிக்கை: சார்ஜர் ஃபுளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் பராமரிக்கும் நிலை) மாறும் கரண்டைவிட டெயில் கரண்டைக் கீழே வைத்தால் மானிட்டர் 100-ஐத் தொடவே தொடாது.

அடுத்து வயரிங். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் ஒரே கேபிள்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லா நெகட்டிவும் ஷன்ட்டின் மறுபக்கம். தவறு எந்தத் திசையில் என்பதே துப்பு. உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால் சோலார் போன்ற ஒரு சார்ஜ் வயர் ஷன்ட்டைத் தாண்டிப் போகிறது. உங்களுக்கு நடப்பதுபோல் கூடுதலாகக் காட்டினால் லோடு வயர். எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள். பில்ஜ் பம்பின் (படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப்) மிதவையைத் தூக்கும்போது டிஸ்பிளேயில் ஆம்பியர் அசையவில்லையா? அந்த வயர்தான்.

இரண்டும் சரியென்றால் பேட்டரியின் வயதைச் சந்தேகியுங்கள். முழுக்க சார்ஜ் செய்து, 10 ஆம்பியர் லோடை 10 மணி நேரம் ஓட்டி, எல்லாவற்றையும் துண்டித்து நான்கு மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12.2 அருகே வந்தால் நலம். 11.9 வந்தால் 200 என்பது லேபிளில் மட்டும்தான் இருக்கிறது. மானிட்டரில் கொள்ளளவைக் குறைத்துப் போடுங்கள், மாற்றப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: சோலார் கன்ட்ரோலர் ‘இன்று 60 ஆம்பியர்-ஹவர்’ என்கிறது. மானிட்டரில் 40 தான் ஏறியிருக்கிறது. மிச்சம் எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை. வெயில் இருந்தபோதே ஃபிரிட்ஜும் ரேடியோவும் அந்த 20-ஐ நேராக எடுத்துக்கொண்டன. பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் மட்டுமே ஷன்ட் பார்க்கும். ஒரு பகல் எல்லா லோடையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், இரண்டு எண்ணும் நெருங்கி வரும்.