லட்சக்கணக்கான லைன் கோடு (code) உள்ள பழைய மென்பொருளில் புது வசதி சேர்க்க வேண்டும். டிசைன் பேட்டர்ன் (கோடு எழுதுவதற்கான பொது மாதிரிகள்) எல்லாம் படித்திருக்கிறேன், ஆனாலும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எப்படிச் செய்வது?

பேட்டர்னைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இதே மாதிரி வேலையை அந்தக் கோடில் ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். அநேகமாகச் செய்திருப்பார்கள்.

நான் பாளையங்கோட்டையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. திருநெல்வேலி டவுனில் அல்வா கிண்டுகிறவர்களுக்கும் மளிகைக் கடை அண்ணாச்சிகளுக்கும் சந்தோஷம். ஒவ்வொரு சரக்கின் விலையும் வரியும் இருக்கும் பட்டியலான சரக்கு மாஸ்டரில் 12ஐ அழித்து 5 போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 20ஆம் தேதி விற்ற நெய் டின் 25ஆம் தேதி ரிட்டர்ன் வந்தால்? விற்ற அன்று வாங்கிய 12 சதவீதத்தைத்தானே திருப்ப வேண்டும்! எங்கள் ரிட்டர்ன் கோடோ மாஸ்டரைப் பார்த்து வரி போட்டது. பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுக்கும் கோடும் அப்படித்தான்.

வரிக்கென்று தனி சர்வீஸ் (வரியை மட்டும் கவனிக்கும் தனி மென்பொருள்) எழுதலாம் என்று மீட்டிங்கில் ஒருவர் படம் வரைந்தார். படம் அழகு. ரிட்டர்ன் கோடை அவர் திறந்து பார்த்துத்தான் வெகுநாளாகிறது.

தள்ளுபடியும் அடிக்கடி மாறுகிற சமாச்சாரம்தான். அதை விற்கும் நேரத்திலேயே பில்லின் ஒவ்வொரு அயிட்டத்தோடும் சேமித்து வைத்திருந்தார் முன்பு இருந்த ஒரு புண்ணியவான். வரி விகிதத்துக்கும் அதே வழி: கூட ஒரு ஃபீல்டு, பழைய பில்களில் அதை மாஸ்டரிலிருந்து எடுத்து நிரப்ப ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்). மாஸ்டரை மாற்றுவதற்கு முன்பே அந்த ஸ்கிரிப்டை ஓட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய நெய் எல்லாம் 5 சதவீதம் ஆகிவிடும்.

இருக்கிற வழி பார்க்க அசிங்கமாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே வேலை இரண்டு விதமாக நடக்கிற கோடு அதைவிட மோசம். அடுத்து வருகிறவர் ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றை விட்டுவிடுவார். எல்லா இடத்திலும் மாற்ற நேரமும் தெம்பும் இருந்தால் மட்டும் புது வழிக்குப் போங்கள்.

மொத்தத்தையும் திருப்பி எழுதும் யோசனை வந்தால் நெட்ஸ்கேப் என்ற பிரவுசரின் கதையைப் பாருங்கள். அதையும் இப்படித்தான் முதலிலிருந்து திருப்பி எழுதினார்கள். அதன் 4ஆம் பதிப்பு வந்தது 1997இல். அடுத்து 6, 2000 கடைசியில். 5 வெளிவரவே இல்லை. அதற்குள் சந்தை போட்டி பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கைக்குப் போய்விட்டது.

அப்புறம், நீங்கள் கைவைக்கப் போகும் ஃபைலைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கிட் லாகில் (கோடில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவில்) இருக்கும். சீனியரோ ஜூனியரோ, அவரைக் கூட உட்காரவைத்துப் பேசிவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.